சான்றளிக்கப்பட்ட வெற்றிடங்கள்

ஜூலை 3, வியாழன்

நெடுங்காலமாக ஒத்திவைத்திருந்த ஒரு முடிவை இன்று காலை எடுத்துவிட்டேன். இனி அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதும்போது அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. சட்டமன்றத்தில் அவைக் குறிப்பு எழுதிய காலம் முழுவதும் வைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்தார்கள், நானும் வைத்தேன். ஆனால் சிரிப்பு எங்கே முடிந்தது என்று அதை எழுதுகிறவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் புள்ளி வைப்பது பொய்ச் சாட்சிக்குச் சமம். 'கைதட்டல்' குறித்து இன்னும் முடிவெடுக்கவில்லை. அவசரப்படக் கூடாது.

முடிவை மனைவி வேதவல்லியிடம் தெரிவித்தேன். அவள் காதில் எதையோ செருகிக்கொண்டு, கைப்பேசியில் யாரோ பேசுவதைக் கேட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்து, "நல்லதுங்க. சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

சிலிண்டருக்குச் சொன்னேன்.

பிற்பகல் நடைபாதை வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற சுருக்கெழுத்து அறிக்கையாளர்களின் பட்டியல் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. துறை விசாரணை ஏதாவது வந்தால், நடப்பதைச் சொல்லுக்குச் சொல் எழுத எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். பட்டியலில் உயிரோடிருப்பவன் இப்போது நான் ஒருவன்தான் என்பதால் போட்டி குறைவு.

விவகாரம் இது. வாரியத்தில் இளநிலை உதவியாளராக இருக்கும் ஜெயக்கொடி என்ற பெண், விடுமுறை நாட்களில் ஒலிவாங்கி முன் தனியாக நின்று மக்களைச் சிரிக்கவைக்கிறார். ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். நான் எழுதிய அத்தனை பேச்சாளர்களும் நின்றுகொண்டுதான் பேசினார்கள். யாரும் அதற்கென்று தனிப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. தன் அலுவலகத்தைப் பற்றி இவர் பேசிய பத்து நிமிடம், கைப்பேசி கைப்பேசியாகத் தாவி இயக்குநர் வீட்டுக்கே போய்விட்டது. ஜெயக்கொடி இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறார். குற்றச்சாட்டு நிரூபணமானால் வேலை போய்விடும்.

அந்தக் காணொளியை நான் எழுத்தில் பெயர்த்துத் தர வேண்டும். விசாரணை அந்த எழுத்தின் மேல்தான் நடக்கும். விசாரணைக் கூடத்தில் காணொளி போட விதியில் இடமில்லை. விதி எழுதிய காலத்தில் காணொளி இல்லை.

ஜூலை 4, வெள்ளி

குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் படித்தேன். கண்காணிப்பாளர் அருணகிரி தம் கைப்பட வரைந்தது. விசாரணையில் வாரியத்தின் தரப்பை எடுத்துவைக்கப் போகிறவரும் அவரே.

இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று: "நடைபாதைகள் இல்லை எனப் பொருள்படும்படி பொதுமேடையில் பேசியது." இரண்டு: "இயக்குநர் அவர்கள் தம் இல்லத்து மொட்டை மாடியில் நடைப்பயிற்சி மேற்கொள்கிறார் என்றும், நடைபாதைகளின் நிலை அவருக்குத் தெரியும் என்றும் கூறி, தெரிந்தே கடமை தவறியவராக அவரைச் சித்திரித்தது."

நல்ல உரைநடை. எழுவாயும் பயனிலையும் அவரவர் இடத்தில் இருக்கின்றன. இரண்டாவது குற்றச்சாட்டைப் படிக்கும் யாருக்கும் அந்தப் பெண்மேல் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது.

ஜூலை 7, திங்கள்

காணொளியைப் பார்த்தேன். முதல் தடவை கேட்கும்போது எழுதக் கூடாது, பேச்சாளரின் மூச்சைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

ஜெயக்கொடிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ராயபுரம் பக்கத்துப் பேச்சு. மேடைக்கு வருகிறார், ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்குகிறார்.

"நான் நடைபாதை வாரியத்துல வேலை பாக்கறேன்" என்கிறார்.

பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தையே பார்க்கிறார், சாட்சி சொல்ல வந்தவர் போல.

"அப்டி ஒண்ணு இருக்கு" என்கிறார்.

மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நடைபாதையா, எங்கே இருக்கிறது என்று கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தெருவை நினைத்துப் பார்ப்பது முகங்களில் தெரிகிறது.

"வாரியத்தச் சொன்னேன்."

எனக்கு இருமல் வந்தது.

அடுத்தது முதல் நாள் வேலைக்குத் தாமதமாகப் போன கதை. "சூப்பரின்டென்டென்ட் கேட்டாரு, ஏம்மா லேட்டுன்னு. நடந்து வந்தேன் சார்னேன்." இங்கே ஜெயக்கொடி முகத்தை மெல்ல உயர்த்துகிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒரு மனிதராக மாறிவிடுகிறார். அவரிடம் கண்ணாடி கிடையாது. ஆனாலும் அது ஏறுவது தெரிகிறது. அந்த மனிதர் யோசிக்கிறார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்கிறார்: "எதுல?"

இருமல் நிற்கவில்லை. வேதவல்லி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அட, நம்ம ஜெயக்கொடி. ஒரு மாசமா நான் இவளத்தானே கேட்டுட்டிருக்கேன். என்னங்க, சிரிக்கிறீங்களா?"

"இருமல்."

"வரும், வரும்" என்றாள்.

கடைசியில் இயக்குநர். "எங்க டைரக்டருக்கு முட்டி வலி. டாக்டரு சொல்லிட்டாரு, தெனமும் அரை மணி நேரம் நடக்கணும்னு. இப்ப தெனம் காலைல மொட்டை மாடில நடக்கறாரு."

ஜெயக்கொடி தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கிறார். மூடியைத் திருகுகிறார். ஒரு வாய் குடிக்கிறார். மூடியைத் திருகி மூடுகிறார். பாட்டிலைக் கீழே வைக்கிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஆறு விநாடி. பிறகு, இயக்குநருக்காகப் பரிந்து பேசுகிறவர் போலச் சொல்கிறார்:

"அவருக்குத் தெரியும்."

காலையில் ஒரு மனிதன் இந்த ஊரில் எங்கே நடக்கலாம் என்று கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு சுற்று யோசித்து, வேறு வழியில்லாமல் மொட்டை மாடிக்கு வந்துசேர ஆறு விநாடி தேவைப்படுகிறது. அதை அளந்து கொடுத்திருக்கிறார். ஐந்தாக இருந்தால் பாதிப் பேர் படிக்கட்டில் நின்றிருப்பார்கள். ஏழாக இருந்தால் இறங்கிப் போயிருப்பார்கள். இயக்குநர்மேல் இத்தனை கரிசனம் அந்த அலுவலகத்தில் வேறு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதி முடித்தேன். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

தட்டச்சுப் பிரதியை வேதவல்லியிடம் கொடுத்தேன். காய் நறுக்கியபடியே படித்தாள்.

"இது அந்தப் பொண்ணு பேசினதா?"

"சொல்லுக்குச் சொல்."

"அந்தாளு மாடில நடந்தா நடந்துட்டுப் போறாரு. இதுல தெரிய என்ன இருக்கு? பாவம், வம்பு பேசற மாதிரியில்ல இருக்கு."

என் தொழில் வாழ்க்கையில் ஒரு சொல்லும் தவறாத பிரதி பொய்யாகிப்போனதை இப்போதுதான் பார்க்கிறேன். மேடையில் பேச்சு நின்ற இடங்களெல்லாம் தாளில் ஒட்டிக்கொண்டுவிட்டன. "மொட்டை மாடில நடக்கறாரு அவருக்குத் தெரியும்." அருணகிரியின் குறிப்பாணையை நான் குறை சொல்வதற்கில்லை. காதில் விழுந்த சொற்களைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

பேச்சு நின்ற இடங்களில் வரிசையாகப் புள்ளிகள் வைத்துப் பார்த்தேன். புள்ளி வைத்தால் பேசுகிறவர் தயங்கினார் என்று ஆகிறது. இவர் தயங்கவில்லை. தயங்கியது கூட்டம்.

அடைப்புக்குறிக்குள் 'மௌனம்' என்று போட்டுப் பார்த்தேன். வேதவல்லி படித்துவிட்டு, "யாரு செத்துப்போனா?" என்றாள். உண்மைதான். அவைக் குறிப்புகளில் நாங்கள் மௌனத்தை இரங்கல் தீர்மானத்துக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறோம்.

மாலையில் வேறொன்று செய்தேன். பேச்சு நின்ற இடத்தில் தாளைக் காலியாக விட்டேன். விநாடிக்கு ஒரு வரி. இயக்குநருக்கு ஆறு வரி. நேரமும் நடந்த ஒன்று. நடந்ததை எழுதுவது என் கடமை. பிரதியைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

சற்று நேரத்தில் சமையலறையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வந்த சத்தத்தை இங்கே அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டியதில்லை.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் பழுது. பாகற்காய் வாங்கினேன். கைதட்டலுக்கும் முற்றுப்புள்ளி வேண்டாம் என்றே தோன்றுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

அறிக்கையாளர் ஒரு பேச்சாளரை விசாரணைக்கு வெளியே போய்க் கேட்பது முறையல்ல. ஆனால் ஜெயக்கொடியின் நிகழ்ச்சியைப் பார்க்க ஆசைப்பட்ட வேதவல்லி தனியாகப் போய்வர முடியாது. எனவே துணைக்குப் போனேன். குறிப்பேடும் பென்சிலும் சட்டைப் பையில் எப்போதும் இருப்பவை.

கீழ்ப்பாக்கத்தில் ஓர் உணவகத்தின் மேல்மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களைத் தவிர எல்லோரும் எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள். ஜெயக்கொடி வந்தார், ஒலிவாங்கியை இறக்கினார்.

"ஆபீஸ் பத்திப் பேசக் கூடாதுன்னு மெமோ குடுத்திருக்காங்க. அதனால இன்னிக்கி ஆபீஸ் பத்திப் பேச மாட்டேன்."

பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை வாயைத் திறந்தார், மூடினார். மணி பார்த்தார். ஒரு கோப்பைத் தேடுவது போல இடப்பக்கம் பார்த்தார். கிடைக்காதது போல வலப்பக்கம் பார்த்தார். கொட்டாவி வந்தது, அடக்கினார். பையிலிருந்து டிபன் டப்பாவை எடுப்பது போல எடுத்து, திறந்து, உள்ளே பார்த்து, நேற்றைய குழம்பு என்று முகத்திலேயே சொல்லி, மூடி வைத்தார். கூடம் அலறியது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அலுவலகத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதற்கு நான் சாட்சி. அலுவலகத்தைப் பற்றி அதைவிட முழுமையான ஒரு சித்திரத்தை நான் கண்டதில்லை என்பதற்கும்.

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். தாள் காலியாக இருந்தது. முழுமையாகப் பதிவு செய்த பிறகும் காலியாக இருக்கும் தாளை நான் இதற்கு முன் கண்டதில்லை.

எட்டு மெய்ப்பாடுகளில் நகைக்கே முதலிடம் கொடுத்த மொழி இது. அழுகையை இரண்டாவதாகத்தான் வைத்தார்கள். நகை எங்கிருந்தெல்லாம் பிறக்கும் என்று பட்டியலும் போட்டார்கள். பேசாமல் நிற்பதை அதில் சேர்க்கவில்லை. அன்றைக்கு அரசு அலுவலகம் இல்லாததால் விட்டுப்போயிருக்கலாம்.

திரும்பும்போது ஆட்டோவில் வேதவல்லி, "நாளைக்கு சுக்குக் கஷாயம் வெக்கறேன். இன்னிக்கி ரொம்ப இருமிட்டீங்க" என்றாள்.

ஜூலை 16, புதன்

பிரதியைச் சான்றளிக்கும் நாள். கெல்லீஸில் இருக்கும் வாரியத்துக்குப் போனேன். பேருந்திலிருந்து இறங்கி, சாலையில் நடந்து, வாகனங்களுக்கு வழிவிட்டு, உள்ளே போனேன். வாசலில் 'நடப்போம், நலம் பெறுவோம்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

தாழ்வாரத்தில் ஜெயக்கொடி நின்றிருந்தார். மேடையில் இருப்பதைவிட நேரில் இன்னும் சிறிய உருவம்.

"தணிகாசலம் சார்தானே? ஞாயித்துக்கெழம மூணாவது வரிசைல இருந்தீங்க. பக்கத்துல அம்மா."

"துணைக்கு வந்தேன்" என்றேன்.

"சார், ஷார்ட்ஹேண்ட்ல நீங்க எவ்ளோ ஸ்பீடு?"

"நிமிஷத்துக்கு நூத்தம்பது சொல்லு."

"நான் எண்பதுதான் சார் பேசுவேன். மிச்சம் எழுபத இன்னா பண்ணீங்க?"

"காலியா விட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். சரியாக எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை.

வேலை போய்விட்டாலும் மேடை இருக்குமே என்று கேட்டேன். ஆறுதலுக்காகத்தான்.

"மேடை இருக்கும் சார். சரக்குக்கு எங்க போறது? பத்து மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் இங்க குந்தினாதான் எனக்குப் பத்து நிமிஷம் தேறும். வெளில இருந்து பேசினா அது வெறும் திட்டு. உள்ள இருந்து பேசினாதான் ஜோக்கு." கூடவே, "அப்பறம், எங்க வீட்ல வேலைன்னு ஆர்டர் வாங்கினது நான் ஒருத்திதான் சார். அம்மா அத லாமினேட் பண்ணி மாட்டி வெச்சிருக்கு. கழட்டணும்னா செவுரு பேந்து வரும்" என்றார். இதைச் சொல்லும்போது எந்த இடத்திலும் நிறுத்தவில்லை.

உள்ளே விசாரணை அலுவலர் வைரவன் இருந்தார். துணை இயக்குநர். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதைப் பெருமையாகவே சொல்வார்கள். அருணகிரி பிரதியைப் புரட்டினார்.

"என்ன சார் இது, பாதிப் பக்கம் காலியா கெடக்கு?"

"அங்க அவங்க பேசல சார்."

"பேசலன்னா அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதானே?"

"நேரம் போயிருக்கே சார்."

வைரவன் பிரதியை வாங்கிப் பார்த்தார். "காலி எடம் விட்டா பின்னால எவனாவது எதையாவது எழுதிச் செருகிடுவான். விதிப்படி அடிச்சிடுங்க."

விதி தெளிவானது. ஆவணத்தில் வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே கோடிட வேண்டும். விசாரணை அலுவலர், வாரியத் தரப்பு அலுவலர், ஊழியர் மூவரும் ஒவ்வொரு கோட்டின் மேலும் சுருக்கொப்பம் இட வேண்டும். மூவரும் இட்டார்கள். மதிய உணவு தாமதமானது. மொட்டை மாடிக்கும் 'அவருக்குத் தெரியும்' என்பதற்கும் நடுவில் மட்டும் பதினெட்டுச் சுருக்கொப்பங்கள். ஜெயக்கொடியின் ஒவ்வொரு மௌனத்துக்கும் இப்போது வாரியத்தின் சான்று இருக்கிறது.

அருணகிரி ஒரு சுருக்கொப்பத்தையும் சரிபார்க்காமல் தாண்டுகிறவர் அல்லர். முந்தைய விசாரணைகளில் கவனித்திருக்கிறேன். ஆவணத்தை வாசிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து, கிட்டத்தில் பார்த்து, அதன் பிறகே அடுத்த சொல்லுக்குப் போவார். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மோட்டார் சரியாயிற்று. கஷாயம் தொடர்கிறது.

ஜூலை 24, வியாழன்

விசாரணை. பதினோரு மணி. ஒரு மேசை, நான்கு பேர், ஒரு மின்விசிறி.

ஆவணம் பதிவுக்காக வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். அருணகிரி எழுந்து நின்றார். அவருடைய வாசிப்பில் ஏற்ற இறக்கம் கிடையாது. ஏல அறிவிப்பையும் திருமண அழைப்பிதழையும் அவர் ஒரே குரலில் வாசிப்பார்.

"நான் நடைபாதை வாரியத்துல வேலை பாக்கறேன்" என்று வாசித்தார்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. இரண்டு கோடுகள், ஆறு சுருக்கொப்பங்கள். விரல் ஒவ்வொன்றாகப் போயிற்று. மின்விசிறி சுற்றியது.

"அப்டி ஒண்ணு இருக்கு."

மூன்று கோடுகள், ஒன்பது சுருக்கொப்பங்கள். வைரவன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சாலை தெரியும்.

"வாரியத்தச் சொன்னேன்."

வைரவன் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

தாமதமாகப் போன கதை வந்தது. "நடந்து வந்தேன் சார்னேன்" என்ற இடத்தில் நான்கு கோடுகள். அருணகிரி கண்ணாடியை ஏற்றினார், யோசிப்பவர் போல ஒவ்வொரு சுருக்கொப்பத்தையும் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி, "எதுல?" என்றார். அது அவருடைய சொந்த வசனம். எனவே உண்மையான அக்கறை அதில் தானாகவே இருந்தது.

எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேச்சுக்களின் நடுவே அடக்கியிருக்கிறேன். இது வந்துவிட்டது.

"தண்ணி குடிங்க தணிகாசலம்" என்றார் வைரவன். அவர் குரல் வழக்கமான இடத்தில் இல்லை.

அருணகிரி தொடர்ந்தார். முட்டி வலி. மருத்துவர். மொட்டை மாடி. பிறகு ஆறு கோடுகள். பதினெட்டு. விரல் முதல் கோட்டைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது கோட்டில் ஏதோ ஒன்று தெளிவாக இல்லை, தாளை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஜெயக்கொடி தன் மேடையில் இவ்வளவு துணிந்ததில்லை. நான்காவதில் வைரவனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையின் கண்ணாடியைப் பார்த்தார். அதற்கடியில் வாரியத்தின் நாட்காட்டி இருந்தது, இயக்குநரின் படத்தோடு. அங்கே பார்த்திருக்கக் கூடாது. ஐந்து. ஆறு.

"அவருக்குத் தெரியும்" என்று வாசித்தார் அருணகிரி.

வைரவன் சிரித்தார். நீண்ட காலமாகத் திறக்காத ஷட்டர் ஒன்று ஏறுவது போல முதலில் கிறீச்சிட்டது, பிறகு மேலே போய்விட்டது. மேசையில் தட்டினார். கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். நாட்காட்டியை மறுபடி பார்த்துவிட்டு மீண்டும் தொடங்கினார்.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. அருணகிரியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மேடைக்காரர் இன்னொரு மேடைக்காரரைப் பார்க்கும் மரியாதையோடு.

அருணகிரிக்குக் குழப்பம். எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து, பின்னால் போய்ச் சுருக்கொப்பங்களை மறுபடி எண்ணினார். அது இன்னும் மோசமாயிற்று.

"சார், எதுக்கு சார் சிரிக்கிறீங்க?"

"நீங்க படிச்சதுக்குய்யா."

"எழுதியிருக்கறதத்தான் சார் படிச்சேன்." தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, "இந்த 'எதுல'ங்கறது நெஜமாவே நான் கேட்டதுதான் சார். அன்னிக்கி யாரும் சிரிக்கல" என்றார்.

"அன்னிக்கி நீங்க இவ்ளோ நேரம் எடுத்துக்கல சார்" என்றார் ஜெயக்கொடி.

வைரவன் கைக்குட்டையை மடித்து வைத்தார். முகம் பழைய நிலைக்குத் திரும்பியது. என் பக்கம் திரும்பினார்.

"தணிகாசலம். அத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சார். அடைப்புக்குறிக்குள்ள."

"படிங்க."

"'அறிக்கையாளருக்கு இருமல். அதைத் தொடர்ந்து விசாரணை அலுவலர் சிரிப்பு.' பின்னால முற்றுப்புள்ளி வெக்கல சார்."

"அடிச்சிடுங்க."

"அடிக்கலாம் சார். விதிப்படி மூணு பேரும் சுருக்கொப்பம் போடணும்."

வைரவன் போட்டார். அருணகிரி போட்டார். தாள் ஜெயக்கொடியின் பக்கம் நகர்ந்தது. அவர் பேனாவைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார்.

"மாட்டேன் சார்."

"என்னம்மா?"

"மத்ததெல்லாம் வாரியத்தோடது சார். பேப்பர், பேனா, நாற்காலி. அந்தச் சிரிப்பு என்னோடது. அத மட்டும் அடிக்கக் கையெழுத்துக் கேக்காதீங்க."

மூன்றாவது சுருக்கொப்பம் இல்லாத நீக்கம் நீக்கமாகாது. சிரிப்பு பதிவில் நிற்கிறது, இரண்டு அலுவலர்களின் சான்றோடு. பக்கத்தின் அடியில் வைரவன் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்பது விநாடி. பிறகு இட்டார்.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை வேதவல்லியிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டாள், இரண்டு காதாலும்.

"ஆக, மொதல்ல சிரிச்சது நீங்க" என்றாள்.

"பதிவுல இருமல்னுதான் இருக்கு" என்றேன்.

"எழுதினது யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிரதியின் நகலை எடுத்து மறுபடி படித்தேன். கோடுகளைத் தாண்டி ஓடாமல், ஒவ்வொன்றிலும் நின்று. அந்தப் பெண் மேடையில் செய்ததில் பாதி தாளில் இல்லை. நெற்றிக்கு ஏறும் கண்ணாடி இல்லை, பாட்டில் இல்லை, பரிவு நிறைந்த அந்தக் குரல் இல்லை. ஆனாலும் மீதிப் பாதியே, ஏற்ற இறக்கமில்லாத ஓர் அருணகிரியின் வாயிலிருந்து வந்து, வைரவனைக் கைக்குட்டை எடுக்கவைத்தது. நான் எழுதிய பேச்சுக்களில் பேசியவர் இல்லாமல் எழுந்து நின்றது இது ஒன்றுதான். மற்றவை பேசியவர் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டன.

கைதட்டலுக்கும் முற்றுப்புள்ளி கிடையாது. முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தபால் இல்லை. கூடத்தின் மின்விசிறியைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வாரியத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே மூன்று தாள்கள்.

முதலாவது வைரவனின் முடிவறிக்கை. "சான்றளிக்கப்பட்ட வெற்றிடங்களையும் சேர்த்து வாசிக்கையில், மேற்படி சொற்கள் குற்றச்சாட்டாக அமையவில்லை, நகைச்சுவையாக அமைகின்றன. இதை விசாரணை அலுவலர் நேரில் அறிய நேர்ந்தது. குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை." ஜெயக்கொடியின் தகுதிகாண் பருவம் நிறைவடைந்ததாக அடியில் ஆணை இருக்கிறது. அதை லாமினேட் செய்ய அவருடைய அம்மாவுக்கு இன்னொரு சுவர் வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஒரு சுற்றறிக்கை. இனி விசாரணைகளில் எந்த ஆவணமும் வாய்விட்டு வாசிக்கப்படக் கூடாது. சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் மனத்துக்குள் படித்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் ஜெயக்கொடி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், ஞாயித்துக்கெழம ஷோ. சுற்றறிக்கையப் பத்திப் பேசறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் சீட்டு எடுத்து வெச்சிருக்கேன். ஓரமா வெச்சிருக்கேன், இருமலுக்கு வசதியா."

வருகிறோம் என்றேன். குறிப்பேட்டுக்குப் புதிய தாள்கட்டு வாங்கினேன். வேதவல்லி பட்டுப் புடவையை வெயிலில் போட்டாள்.

மூன்றாவது தாள் எனக்கு. உடல்நலக் காரணங்களை முன்னிட்டு வாரியத்தின் அறிக்கையாளர் பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் தொடர்ந்து நடைமுறையில் இருக்கும்.